தனித்துண்பார் அடுக்களை

மக்கள் உண்ணும் உணவு இருவகைப்படும். ஒன்று பலர் காண உண்பது. மற்றொன்று ஒருவரும் காணாதபோது உண்பது. முன்னதைப்பற்றி எழுதப்பட்ட நூல்கள் பலவுள. இலை இடும் முறை, பரிமாறும் வரிசை, விருந்தினரை உபசரிக்கும் மொழி ஆகிய யாவும் அவற்றில் விரித்துரைக்கப்பட்டிருக்கின்றன. பின்னதைப்பற்றி எழுதினோர் மிகச் சிலரே. வீட்டிலுள்ளார் அனைவரும் வெளியே சென்றிருக்க, எஞ்சிய ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு, தமக்கென்றே அடுப்பை மூட்டி, தமக்கு விருப்பமான ஒன்றைச் சமைத்து உண்கின்றாரே, அவ்வுணவு யாது? அதனை அவர் மற்ற நாட்களில் சமையாமைக்குக் காரணம் என்ன? அதில் நாம் அறியத்தக்கது ஏதேனும் உண்டோ? இவ்வினாக்களுக்கு இயன்ற அளவில் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒரு தடையை நீக்கிக்கொள்வோம். தனித்துண்ணல் தமிழர் மரபில் பழிக்கப்பட்டதொன்றன்றோ, அதனைப் பாராட்டி எழுதுவது தகுமோ என்று நம் நண்பருள் சிலர் வினவக்கூடும். இஃது உண்மையே. புறநானூற்றின் 182ஆம் பாட்டில் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி, இவ்வுலகம் அழியாது நிற்பதற்குக் காரணமாகிய பெரியோரின் இயல்புகளை அடுக்கிக் கூறுமிடத்து, பெறுதற்கரிய அமிழ்தம் கிடைத்தவிடத்தும் அதனைத் தாமே தனியே உண்ணாமையை முதற்கண் வைத்தார். திருவள்ளுவரும் விருந்தோம்பலிலும் ஈகையிலும் இதனை வன்மையாகக் கடிந்தார். ஆயினும், அவர்கள் கடிந்தது எதனை என்று உற்று நோக்குதல் வேண்டும். வாயிலில் விருந்தினன் நிற்க உள்ளே தான் உண்பதையும், இல்லாதார்க்கு ஈயாது பொருளைக் குவித்துவைத்துத் தானே துய்ப்பதையுமே அவர்கள் இழித்துரைத்தனர். பகிர்ந்துகொள்ள ஒருவரும் இல்லாத வேளையில் தன் பசியைத் தானே தணித்துக்கொள்பவனை அவர்கள் யாண்டும் பழித்திலர். பிறருக்கு மறுத்தல் வேறு. தனக்கு மறாமை வேறு. இவ்வேற்றுமையை மறந்தமையாற்போலும், தமக்கென ஒன்றைச் சமைத்துண்பது நாணத்தக்க செயலென்னும் எண்ணம் நம் இல்லங்கள் பலவற்றில், சிறப்பாக மகளிரிடையே, வேரூன்றிவிட்டது. அதனால் விளையும் தீங்கைப் பின்னர்க் கூறுவோம்.

இனி, தனியுணவு என்று யாம் இங்குக் குறிப்பது எது? காலையில் மிஞ்சியதை மாலையில் உண்பது மட்டும் தனியுணவன்று. உணவு விடுதியிலிருந்து வாங்கிவந்து உண்பதும் அன்று. ஒருவர் பிறர் பொருட்டன்றித் தம் நாவின் பொருட்டே தேர்ந்து, தம் கையாலேயே ஆக்கி, தம் விருப்பம்போல் உண்பதே தனியுணவு. மிஞ்சிய சோறும் இவ்வகையிற் சேரலாம். ஆனால் அது வேண்டி மிஞ்சவைக்கப்பட்டதாயிருத்தல் வேண்டும். இத்தகைய உணவுகள் மனிதருக்கு மனிதர் வேறுபடினும், அவை தோன்றுவதற்குரிய காரணங்களை நான்காக வகுக்கலாம். அவை சுவை, அளவு, ஆசாரம், நினைவு என்பன.

சுவையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஐவர் கூடி உண்ணும் வீட்டில் ஆக்கப்படும் குழம்பு ஐவருள் ஒருவருடைய விருப்பத்திற்கும் முற்றும் பொருந்துவதில்லை. பாட்டனாருக்கு உப்பு ஆகாது. குழந்தைக்குக் காரம் ஆகாது. தந்தைக்குப் புளி ஆகாது. ஒருவருக்குப் பூண்டின் மணமே ஆகாது. இவ்வளவு விலக்குகளையும் மனத்திற்கொண்டு அம்மையார் ஆக்கும் குழம்பு, எவரும் வெறுக்காததாய் இருக்குமேயன்றி, ஒருவர் பெரிதும் விரும்புவதாய் இருத்தல் அரிது. குடும்பத்தின் குழம்பு ஓர் உடன்படிக்கை எனலாம். மற்றவர் வெளியூர் சென்ற அன்று அவ்வுடன்படிக்கைக்கு ஒருநாள் விடுமுறை கிடைக்கின்றது. அன்று மிளகாய் இரண்டு கூடுகின்றது. பூண்டு ஒரு கைப்பிடி விழுகின்றது. புளி தாராளமாகக் கரைகின்றது. நாவு தனக்குரியதைப் பெறுகின்றது.

இரண்டாவது காரணம் அளவு. இதனைப் பலர் கருதுவதில்லை. ஆயினும் தனியுணவின் வடிவத்தைத் தீர்மானிப்பதில் இதற்கே பெரும்பங்குண்டு. ஐவருக்கு ஆக்கும் முறையை ஐந்தால் வகுத்துவிட்டால் ஒருவருக்கு ஆக்கும் முறை வந்துவிடும் என்று கணக்கு மாணவர் எண்ணலாம். அடுப்பு அக்கணக்கிற்கு உடன்படுவதில்லை. பாத்திரத்திலிருந்து நீர் ஆவியாய்ப் போகும் வேகம் பாத்திரத்தின் வாயகலத்தையும், தீயின் அளவையும், மூடியையும் பொறுத்ததேயன்றி உள்ளேயிருக்கும் அரிசியின் அளவைப் பொறுத்ததன்று. அகன்ற பாத்திரத்தில் அரை ஆழாக்கு அரிசியை இட்டு, அதற்கேற்ற சிறிதளவு நீரை வார்த்து வேகவைத்தால், அரிசி வேகுமுன்னரே நீர் வற்றி அடி பிடிக்கும். அதுபோலவே, நெடுநேரம் கொதித்துச் சுண்டவேண்டிய குழம்புகளும், தேங்காய் அரைத்துவிடும் கூட்டுகளும் ஒருவருக்கென ஆக்குவதற்கு எளியவையல்ல. ஒருவருக்காகத் தேங்காயை உடைத்தால் முக்காற்பங்கு எஞ்சும். மின் அரைவையில் மிகச் சிறிய அளவு சரியாக அரைபடாது. ஆதலின் தனியுணவு இயல்பாகவே வதக்கல், சுடுதல், கிளறல், பிசைதல், கஞ்சி என்னும் விரைவான முறைகளை நாடுகின்றது.

மூன்றாவது ஆசாரம். சில உணவுகளைப் பலர் முன்னிலையில் உண்ணுதல் நாகரிகமன்று என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. மீன் தலையை உறிஞ்சி உண்பதும், முருங்கைக்காயைச் சக்கையாகும்வரை மெல்லுவதும், மாம்பழத்தைக் கொட்டையோடு சுவைத்து முழங்கை வழியச் சாறு ஒழுக விடுவதும் கூட்டத்தில் இயலாத செயல்கள். கருவாடு வறுத்தால் அதன் மணம் அண்டை வீடு வரை செல்லும். அதனை விரும்பும் ஒருவரும் வெறுக்கும் மூவரும் ஒரே வீட்டில் வாழின், அவ்வொருவர் அம்மூவரும் வெளியே செல்லும் நாளுக்காகக் காத்திருப்பார். உணவில் இழிவு ஏதுமில்லை. உண்ணும் முறைக்கே கூச்சம் என்பதை உணர்க.

நான்காவது நினைவு. தமிழகம் ஒன்றாயினும் அதன் அடுக்களைகள் பல. திருநெல்வேலியிற் பிறந்த பெண் உளுந்தங்களியையும் சொதியையும் உண்டு வளர்ந்தவள்; நாஞ்சில் நாட்டவள் மரச்சீனிக்கிழங்கையும் மீன்குழம்பையும் அறிந்தவள்; கொங்குநாட்டவள் கொள்ளுப் பருப்பையும் கம்பஞ்சோற்றையும் விரும்புபவள். இவர்கள் மணமுடித்து வேற்றூர் புகுங்கால், புகுந்த வீட்டின் சமையலைக் கற்றுக்கொள்கின்றனர். பிறந்த வீட்டின் சமையலோ நாளடைவில் மடித்துவைத்த புடவைபோல் பெட்டியின் அடியிற் கிடக்கின்றது. வீட்டில் தனித்திருக்கும் ஒரு பகற்பொழுதில் அது வெளியே எடுக்கப்படும். அன்று அவர் உண்பது களி மட்டுமன்று. தம் ஊரும் தம் தாயும் அதனோடு கூடவே வருகின்றனர்.

இவ்வாறு காரணங்களைக் கண்டோம். இனித் தமிழ் அடுக்களையில் வழங்கும் தனியுணவுகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை சுவைப்பதன் காரணத்தையும் ஆராய்வோம்.

அவற்றுள் மூத்தது பழைய சோறு. இரவு ஆக்கிய சோற்றில் நீர் வார்த்து மூடிவைத்தால், விடியுமுன் அதில் லாக்டிக அமிலத்தை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் பெருகி, இனிய புளிப்பை அளிக்கின்றன. சோறு ஆறியதும் அதன் மாவுப்பொருளின் ஒரு பகுதி இறுகி, குடலில் எளிதிற் செரியாத தன்மையை அடைகின்றது. ஆகவே அது மெல்லச் செரித்து நெடுநேரம் பசியைத் தாங்குகின்றது. உழவர் பெருமக்கள் விடியற்காலையில் இதனை உண்டு உச்சிவேளை வரை உழைத்தமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். ஒடிசாவில் பகால என்றும், வங்காளத்தில் பாந்தா பாத் என்றும், அசாமில் பொய்தா பாத் என்றும் இதே உணவு வழங்குகின்றது. நம் நாட்டில் இதற்குத் துணை சின்ன வெங்காயமும் மோர்மிளகாயும். நேற்றைய மீன்குழம்பு சட்டியில் எஞ்சியிருப்பின் அதற்கு மேலான துணையில்லை. ஒரு எச்சரிக்கையும் கூறவேண்டும். நீர் வாராமல் வெதுவெதுப்பாக விடப்பட்ட சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிர் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சு மீண்டும் சூடாக்குவதால் அழிவதில்லை. ஆகவே சோற்றை விரைவில் ஆறவைத்து, தூய பாத்திரத்தில் நீரில் மூழ்க வைத்து, காலையிலேயே உண்டுவிடல் வேண்டும். வாடை மாறியிருப்பின் கொட்டிவிடுதலே அறிவுடைமை.

அடுத்தது சட்டிச்சோறு. கறியோ காரக்குழம்போ ஆக்கிய சட்டியிலிருந்து உணவை வேறு பாத்திரத்திற்கு மாற்றியபின், அச்சட்டியிலேயே சுடுசோற்றை இட்டுப் பிசைந்து உண்பது இது. பரிமாறிய குழம்பைவிட இது சுவை மிகுந்தது என்பதை அறிந்தோர் அறிவர். இதற்குத் தக்க காரணங்களும் உள. சட்டியின் அடியிலும் ஓரங்களிலும் ஒட்டிப் பழுப்பேறிய பகுதியே மிக்க மணமுடையது. புரதமும் சர்க்கரையும் வெப்பத்தாற் கூடிப் பழுப்பு நிறத்தையும் நறுமணத்தையும் தருவதை 1912ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலார் லூயி காமிய் மயார் விளக்கினார்; அதனால் அவ்வினை அவர் பெயராலேயே வழங்கப்படுகின்றது. அன்றியும், மிளகாயின் காரமும் மசாலையின் மணங்களிற் பெரும்பாலனவும் நீரைவிட எண்ணெயிலேயே நன்றாகக் கரைவன. அவ்வெண்ணெய் சட்டியின் சுவரிலேயே தங்கிவிடுகின்றது. சுடுசோறு அதனைத் துடைத்தெடுக்கின்றது. இவ்வளவு சிறந்த உணவு ஒருவருக்கு மேல் காணாது. விருந்தினரைச் சட்டியில் உண்ணுமாறு அழைத்தலும் இயலாது. ஆதலின் இது சமைத்தவர்க்கே உரிய கூலி என்னலாம்.

சுட்ட கத்தரிக்காயும் தனித்துண்பார்க்கு ஏற்றது. ஒரே ஒரு கத்தரிக்காயை எண்ணெய் தடவி, இரண்டோரிடங்களிற் கீறித் தீயில் வைத்துத் திருப்பித் திருப்பிச் சுடவேண்டும். தோல் கரிய, உள்ளிருக்கும் நீர் ஆவியாகிச் சதையை மெத்தென வேகவைக்கும். கத்தரிக்காயின் சதை பஞ்சுபோல் காற்று நிரம்பியது, ஆகவே வாணலியில் வதக்கினால் அஃது எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே போகும், சுட்டால் அச்செலவில்லை. தோலை உரித்து, உப்பு, சிறிது புளி, பச்சைமிளகாய், நறுக்கிய சின்ன வெங்காயம் ஆகியவற்றைக் கூட்டிப் பிசைந்து, மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டுச் சுடுசோற்றோடு உண்டால், அவ்வேளைக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. துணைக்கு அதே தீயில் ஓர் அப்பளத்தையும் வாட்டிக்கொள்ளலாம்.

மோர்க்களியும் இவ்வரிசையிற் சேரத்தக்கது. ஒரு பங்கு அரிசிமாவை ஏறத்தாழ மூன்று பங்கு புளித்த மோரில் உப்பிட்டுக் கட்டியின்றிக் கரைத்துக்கொள்க. வாணலியில் நல்லெண்ணெய் விட்டு, கடுகு, உளுத்தம்பருப்பு, மோர்மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, கரைசலை ஊற்றிக் கைவிடாமற் கிளறுக. வெப்பம் ஏறத்தாழ 70 பாகையைக் கடந்ததும் அரிசியின் மாவுமணிகள் நீரை ஏற்றுப் பருத்துக் குழம்பு இறுகும். பின்னும் சிறிது எண்ணெய் விட்டுக் கிளற, களி பளபளப்புற்று வாணலியை விட்டுப் பிரியும். பத்து நிமிடத்தில் முடியும் இதனைச் சுடச்சுட உண்ணல் வேண்டும். ஆறினால் விறைத்துப் போகும். பழைய சோற்றை நெடுநேரம் பசிதாங்கச் செய்யும் அதே மாற்றம் மோர்க்களியைக் கெடுத்துவிடுகின்றது என்பது வேடிக்கையன்றோ! பந்தியில் முதல் இலைக்கும் கடைசி இலைக்கும் இடையே ஆறிவிடும் இவ்வுணவு, அடுப்படியிலேயே நின்று உண்பவருக்கே தன் முழு இயல்பையும் காட்டுகின்றது.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானியர் சோற்றின்மேல் பச்சைத்தேயிலை நீரை வார்த்து, உப்பிட்ட காய் ஏதேனும் ஒன்றைச் சேர்த்து உண்பர். அதற்குச் சாஸுகே என்பது பெயர். ஏறக்குறைய நம் நீராகாரத்தைப் போன்ற எளிய உணவு அது. 1952ஆம் ஆண்டில் யசுஜிரோ ஓசு என்னும் புகழ்பெற்ற இயக்குநர் இவ்வுணவின் பெயராலேயே ஒரு திரைப்படம் எடுத்தார். அதில் எளிய சுவைகளை விரும்பும் கணவன் சோற்றில் குழம்புநீரை ஊற்றி உண்பதைச் செல்வக்குடியிற் பிறந்த மனைவி இழிவாகக் கருதுகின்றாள். ஓரிரவு பணிப்பெண் உறங்கிவிட, இருவரும் தம் வீட்டு அடுக்களையில் எது எங்கேயிருக்கின்றது என்பதும் அறியாராய்த் தேடியெடுத்து, அவ்வெளிய உணவை ஒருங்கிருந்து உண்கின்றனர். அவர்கள் பிணக்கும் தீர்கின்றது. ஒருவருடைய தனியுணவை மற்றொருவர் அறிந்துகொள்வது அவர் உள்ளத்தையே அறிந்துகொள்வதாகும் என்பதற்கு இஃது ஒரு சிறந்த எடுத்துக்காட்டு.

அமெரிக்க நாட்டிலும் இதனை ஆராய்ந்து எழுதினோர் உளர். உணவைப்பற்றி எழுதுவதில் பெரும்புகழ் பெற்ற எம். எப். கே. பிஷர் அம்மையார் 1949ஆம் ஆண்டில் அகரவரிசையில் அமைத்து வெளியிட்ட நூலின் முதல் அதிகாரமே தனித்துண்ணலைப் பற்றியதாகும். லாரி கால்வின் என்னும் நாவலாசிரியை, நியூயார்க் நகரில் தனி அடுக்களையே இல்லாத ஒரு சிற்றறையில், இரண்டே அடுப்புவாய்களை வைத்துக்கொண்டு, கத்தரிக்காயைப் பலவாறு சமைத்துண்டு வாழ்ந்த நாட்களைக் குறித்து எழுதிய கட்டுரை 1988ஆம் ஆண்டில் அவருடைய நூலொன்றில் வெளிவந்தது. அக்கட்டுரையின் பெயரையே தாங்கி, பல எழுத்தாளர்களின் தனியுணவுக் கட்டுரைகளைத் தொகுத்த நூலொன்று 2007இல் வெளியாயிற்று. 2009இல் டெபோரா மேடிசன் என்னும் சமையற்கலை வல்லுநரும் அவர் கணவராகிய ஓவியர் பேட்ரிக் மக்பார்லினும், தனித்திருக்கும்போது என்ன உண்கிறீர்கள் என்று பலரை வினவி, அவ்விடைகளைத் தொகுத்து ஒரு நூலாக்கினர். நம் மொழியில் அத்தகைய நூலொன்று எழுதப்படுமாயின் அது எத்துணைச் சுவையுடையதாயிருக்கும்!

இதுகாறும் இன்பமான பகுதியைக் கூறினோம். இனி, இப்பொருளை ஆராயத் தூண்டிய மறுபகுதிக்கு வருவோம். தனித்திருக்கும்போது தமக்கு விருப்பமானதைச் சமைப்போர் ஒருசாரார். தனித்திருக்கும்போது சமையாமலே இருந்துவிடுவோர் மற்றொரு சாரார். இரண்டாம் சாராரின் தொகை சிறிதன்று. ‘என் ஒருத்திக்காகவா அடுப்பை மூட்டுவது?’ என்னும் சொல்லை நம் வீடுகளில் கேளாதார் யார்? பிள்ளைகள் இருக்கும் நாளில் மூன்று கறி வைத்த அதே கை, அவர்கள் இல்லாத நாளில் ஒரு குவளை காப்பியோடும் இரண்டு ரொட்டித்துண்டோடும் நிறுத்திக்கொள்கின்றது. இளமையில் ஒருநாள் இவ்வாறு கழிந்தாற் கேடில்லை. ஆனால் பிள்ளைகள் படிப்பிற்கும் தொழிலுக்கும் வெளியூர் சென்றுவிட, வாழ்க்கைத்துணையையும் இழந்து தனித்து வாழும் முதியோர்க்கு அஃது ஒருநாள் வழக்கமன்று, எந்நாளும் வழக்கம்.

உடலியலும் உளவியலும் இதனை உறுதிப்படுத்துகின்றன. அமெரிக்க உளவியலாளர் ஜான் டி காஸ்ட்ரோ என்பார், வயது வந்தோர் தாம் உண்டவற்றை நாடோறும் குறித்துவைத்த ஏடுகளை ஆராய்ந்து, பிறரோடு கூடியுண்ட வேளைகளில் அவர்கள் தனித்துண்ட வேளைகளைவிட 44 விழுக்காடு மிகுதியாக உண்டனர் என்று 1989ஆம் ஆண்டில் எழுதினார். கூடியுண்டால் உணவு மிகும், தனித்துண்டால் குறையும். மிகுதியாக உண்பார்க்கு அக்குறைவு நன்மையாகலாம். ஏற்கெனவே பசி மங்கிய முதியோர்க்கோ அஃது உடல் மெலிவாகவும், தசை வலுக்குறைவாகவும், நோயாகவும் முடியும். முதுமையிற் புரதம் போதிய அளவு வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துகின்றனர். காப்பியிலும் ரொட்டியிலும் அது போதுமான அளவில்லை. ஆகவே ஒருவர் தமக்கென ஒரு கைப்பிடி பருப்பை வேகவைத்துக்கொள்ளுகின்றாரா இல்லையா என்பது சிறிய செய்தியன்று.

இதனை நம் மாணவ நண்பர்களும் தங்கள்பாற் பொருத்திப் பார்த்தல் நலம். இன்று விடுதியில் மணியடித்தால் உணவு வருகின்றது. படிப்பு முடிந்து ஏதோவொரு நகரில், ஏதோவொரு மாடியறையில் தனித்து வாழும் காலம் பலருக்கும் வரும். அப்போது நாள்தோறும் வெளியுணவை நாடுவோர் பணத்தையும் வயிற்றையும் ஒருங்கே இழப்பர். ஆகவே தனித்துண்பார்க்குரிய சில முறைகளை இங்குத் தொகுத்துரைக்கின்றோம். முதலாவதாக, ஒருவர்க்கேற்ற சிறிய, அடிகனத்த, மூடியுள்ள பாத்திரம் ஒன்று வேண்டும். முன்னர்க் கூறிய அளவுத் தொல்லை அதனாற் பாதி தீரும். இரண்டாவதாக, அரை ஆழாக்கு அரிசியோடு ஒரு கைப்பிடி பாசிப்பருப்பையும் கூட்டிக் குழைய வேகவைத்து, சீரகமும் மிளகும் தாளித்துக்கொண்டால், பொங்கலும் கஞ்சியும் அல்லாத ஒரு நல்லுணவு கிட்டும். சோறும் பருப்பும் ஒன்றன் புரதக்குறையை மற்றொன்று நிரப்புவன. மூன்றாவதாக, வாரத்திற்கொருமுறை பருப்புப்பொடியோ கறிவேப்பிலைப்பொடியோ இடித்து வைத்துக்கொண்டால், சமையாத நாளிலும் சோற்றுக்குத் துணையிருக்கும். நான்காவதாக, உண்ணும்போது தட்டிலிட்டு உட்கார்ந்து உண்க. அடுப்படியில் நின்று உண்பதற்கு மோர்க்களி போன்ற சில விலக்குகள் உள. அவற்றை நாள்தோறும் விலக்காக்கிக்கொள்ளல் ஆகாது.

இவையனைத்திற்கும் மேலான ஒன்றுண்டு. நம் இல்லங்களில், மூத்த மகனுக்கு எது பிடிக்கும், இளைய மகளுக்கு எது பிடிக்கும், தந்தைக்கு எது ஆகாது என்பனவற்றை அனைவரும் அறிவர். அம்மாவுக்குப் பிடித்த உணவு எது என்று வினவினால், நம்மிற் பலர் விடைகூறச் சிறிது தயங்குவர். ‘எல்லாருக்கும் பிடித்ததுதான் எனக்கும்’ என்று அவரே கூறிக்கொண்டு வந்தமையால், அவ்விடையை மெய்யென்றே கொண்டுவிட்டோம். அவருக்கெனத் தனிவிருப்பமொன்று இல்லாமற்போகவில்லை. அதனை அவர் நாம் இல்லாத பகற்பொழுதுகளுக்கு ஒதுக்கிவைத்திருக்கின்றார், அல்லது அதனையும் விட்டுவிட்டார். அவர் தம் இளமையில், தம் தாய்வீட்டில், எதனை விரும்பி உண்டார் என்பதை நாம் கேட்டறியாவிடின் அந்த உணவும் அதன் செய்முறையும் அவரோடு மறைந்துபோம். அச்சடித்த சமையல் நூல்களில் விருந்துணவுகளே மிகுதி. ஒருவர் தமக்கென ஆக்கிய உணவு நினைவிலன்றி வேறெங்கும் எழுதப்படவில்லை.

ஆகவே நம் கல்லூரி அன்பர்களுக்கு யாம் கூறும் வேண்டுகோள் ஒன்றே. வருகின்ற விடுமுறையில் வீடு சென்றதும், ‘நாங்கள் ஒருவரும் இல்லாதபோது நீங்கள் என்ன சமைத்துக்கொள்வீர்கள், அம்மா?’ என்று கேளுங்கள். முதலிற் சிரித்து மழுப்புவார், ‘என்னத்தைச் சமைப்பேன்?’ என்பார். விடாது மீண்டும் கேளுங்கள். அவர் ஓர் உணவின் பெயரைக் கூறுவாராயின், அதன் செய்முறையை அவரருகில் நின்று கற்று, உங்கள் கையாலேயே ஆக்கி, அவரை உட்காரவைத்துப் பரிமாறுங்கள். ‘ஒன்றுமில்லை, காப்பி குடித்துவிட்டு இருந்துவிடுவேன்’ என்பதே அவர் விடையாயின், அதனைக் கேட்டுச் சும்மா திரும்பிவிடாதீர்கள். நீங்கள் ஊரிலில்லாத நாட்களில் அவர் தமக்கென என்ன ஆக்கிக்கொள்ளலாம் என்பதை அவரோடு அமர்ந்து பேசி, வேண்டிய பருப்பையும் பொடியையும் வாங்கி வைத்துவிட்டு, கல்லூரிக்குத் திரும்பியபின் ‘இன்று என்ன சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்பதையும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.